நூறு ரூபாய்க் கூறும் 0.25 சதவீதமும்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம் சின்ன மீனைக் கிலோ கணக்கில் விற்பது குறைவு, கூறு வைப்பார்கள். ஈரச் சாக்கை விரித்து, காரல் ஒரு கூறு, சூடை ஒரு கூறு, வலையில் ஏறிய கலப்பு மீன் ஒரு கூறு என்று குவித்து வைத்துவிட்டு, கூறு நூறு ரூபாய் என்று மீன்கார அக்கா உட்கார்ந்திருப்பார். பேரம் பேசினால் விலை இறங்காது. பக்கத்துக் கூறிலிருந்து இரண்டு மீனை எடுத்து நம் கூறில் போடுவார், அதோடு வியாபாரம் முடிந்தது. எனக்குத் தெரிந்து மூன்று நான்கு வருஷமாகக் கூறு நூறு ரூபாய்தான். மீன்தான் குறைந்துகொண்டே வந்தது. முன்பு ஒரு கூறு வாங்கினால் மதியம் குழம்புக்கும் ராத்திரி பொரிக்கவும் காணும், இப்போது குழம்போடு சரி.

2025 நவம்பர் 12 அன்று, அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம், அதாவது போன வருஷம் அதே மாதத்தைவிடக் கடை விலைவாசி ஏறிய அளவு, 0.25 சதவீதம் என்று மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டது. 2012 விலையை 100 என்று வைத்து (அதைத்தான் அடிப்படை ஆண்டு என்பார்கள்) மாதா மாதம் ஓடிய அந்த எண் வரிசையிலேயே ஆகக் குறைந்த அளவு அது. போனில் செய்தியைப் பார்த்துவிட்டு, விலைவாசி ஏறவே இல்லையாம் அக்கா என்றேன். செதில் உரசிக்கொண்டே, "அப்ப அவுகளையே வந்து வாங்கச் சொல்லு தம்பி" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த 0.25 பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அது எப்படிக் கிடைக்கிறது என்று ஓரளவு தெரியும். அக்கா சொன்னதும் பொய் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும்.

ஒரு பொருளின் விலை ஏறியதா என்று சொல்வது சுலபம். ஒரு நாட்டின் விலைவாசி ஏறியதா என்று சொல்வது அப்படி இல்லை, ஏனென்றால் தக்காளி இறங்கும், தேங்காய் ஏறும், பஸ் கட்டணம் அப்படியே நிற்கும், செல்போன் மலிவாகும், பள்ளிக்கூட ஃபீஸ் கூடும், இதையெல்லாம் ஒரே எண்ணாக எப்படிச் சுருக்குவது? இதற்கு ஒரு வழியை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் வில்லியம் ஃபிளீட்வுட் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். வருஷத்துக்கு 5 பவுண்டுக்கு மேல் சொந்த வருமானம் உள்ளவர் இங்கே உறுப்பினராக இருக்கக்கூடாது என்று ஒரு கல்லூரியில் 15-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி இருந்தது. இருநூறு முந்நூறு வருஷம் கழித்தும் அந்த 5 பவுண்டு அதே 5 பவுண்டுதானா என்று கேள்வி வந்தபோது, 1707-ல் அவர், அந்தக் காலத்தில் 5 பவுண்டுக்கு எவ்வளவு தானியம், இறைச்சி, குடிக்கும் பானம், துணி கிடைத்தது, அதே அளவை இப்போது வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1780-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் இதைச் சம்பளத்துக்கே கொண்டுவந்தது. போர் நேரத்தில் காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டே போனதால், சிப்பாய்களுக்குத் தர வேண்டிய பாக்கியை 5 புஷல் (தானியம் அளக்கும் அளவு) மக்காச்சோளம், 68 பவுண்டும் சொச்சமும் (இது எடைப் பவுண்டு) மாட்டிறைச்சி, 10 பவுண்டு ஆட்டு ரோமம், 16 பவுண்டு செருப்புத் தோல் ஆகியவற்றின் விலையோடு கட்டிவைத்தார்கள். அவ்வளவுதான் கூடை. இன்றைக்கு நம் அரசு செய்வதும் அடிப்படையில் இதுதான், பொருட்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன.

கூடையில் எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதை யாரும் மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. நாடு முழுக்க வீடு வீடாகப் போய், போன மாதம் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து அது வருகிறது. 2012 வரிசைக்கான கூடை 2011-12 கணக்கெடுப்பில் பிறந்தது. அதன்படி நாட்டின் சராசரிக் குடும்பம் 100 ரூபாய் செலவு செய்தால் அதில் 45.86 ரூபாய் சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும், 10.07 ரூபாய் வீட்டுக்கும், 6.84 ரூபாய் விறகு, கேஸ், கரண்ட் வகைக்கும், 6.53 ரூபாய் துணிமணி செருப்புக்கும் போகிறது. வெற்றிலை, புகையிலை, சாராய வகைக்கு 2.38. மிச்சம் 28.32 ரூபாய் மருத்துவம், படிப்பு, போக்குவரத்து, செல்போன் என்று சிதறிவிடும். இந்தப் பங்கைத்தான் எடை என்கிறார்கள். கிராமத்தை மட்டும் தனியாக எடுத்தால் சாப்பாட்டின் எடை 54-ஐத் தாண்டும், நகரத்தில் 36 சொச்சம்.

இப்போது மீனுக்கு வருவோம். அந்தக் கூடையில் இறைச்சியும் மீனும் சேர்ந்தே 3.61 தான். ராஜஸ்தானில் சைவச் சாப்பாடு சாப்பிடும் வீடும் தங்கச்சிமடத்தில் மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடும் கலந்த சராசரி அது. கறியும் மீனும் 20 சதவீதம் ஏறினால் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண், அதாவது கூடையின் மொத்த விலையைச் சொல்லும் எண், முக்கால் புள்ளிகூட ஏறாது, 0.72 தான் ஏறும். என் பக்கத்து வீட்டில் மாதச் செலவு பதினாறாயிரம் ரூபாய், அதில் மீனுக்கு மட்டும் இரண்டாயிரத்து நானூறு, அதாவது 15 சதவீதம். அதே 20 சதவீத ஏற்றம் அந்த வீட்டில் 3 புள்ளி. ஒரே விலையேற்றம், நாலு மடங்கு வித்தியாசம், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

தண்ணீரும் இதே கதைதான். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டம் இது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் குழாயில் வராத நாளில் வண்டித் தண்ணீர்தான். குடம் பத்து ரூபாய் என்று ஒரு நாளைக்கு இரண்டு குடம் வாங்கினால் மாதம் அறுநூறு. காவிரிக் கரையில் இருப்பவர் வீட்டுக் கணக்கில் இப்படி ஒரு வரியே இருக்காது. அந்த வீட்டையும் நம் வீட்டையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரித் தண்ணீர்ச் செலவு, இரண்டு வீட்டுக்குமே பொருந்தாத ஒன்றாக இருக்கும்.

சரி, கூடை ஆயிற்று, இனி விலை. 2012 வரிசைக்கு நாடு முழுக்க 1,181 கிராமங்களிலும், 310 நகரங்களில் 1,114 சந்தைகளிலும் விலை கேட்டார்கள். கேட்பது என்றால் சும்மா தக்காளி என்ன விலை என்று கேட்பதில்லை. எந்தக் கடை, எந்த ரகம், எந்த அளவு என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதே கடையில், அதே ரகத்தை, அதே அளவில் மாதா மாதம் கேட்க வேண்டும். போன மாதம் பொன்னி அரிசி விலையை எழுதிவிட்டு இந்த மாதம் ஐ.ஆர்.20 விலையை எழுதினால் அங்கே மாறியது அரிசி, விலை இல்லை. கடையே மூடிவிட்டால், அந்த பிராண்டே வராமல் போய்விட்டால், அதற்கு ஈடான ஒன்றைப் பிடித்து இரண்டையும் இணைக்க வேண்டும். இந்த வேலையில் ஆகப் பெரிய தலைவலி இதுதான், பொருளை அசையாமல் நிறுத்திவைப்பது.

அக்காவின் கூறு அசையாமல் நிற்கிற பொருளா? அங்கே நூறு ரூபாய் நிற்கிறது, மீன் அசைகிறது. கூறு நூறு ரூபாய் என்று எழுதிக்கொண்டு போகிறவர் நாலு வருஷமும் விலை மாறவில்லை என்றுதான் எழுதுவார். பிஸ்கட் பாக்கெட்டில் ஐந்து ரூபாய் அச்சிட்டபடியே இருக்க உள்ளே இரண்டு பிஸ்கட் குறைவதும் இதே வித்தைதான், பாக்கெட்டில் கிராம் போட்டிருப்பதால் அங்கே கண்டுபிடித்துவிடலாம். கூறில் எதுவும் போட்டிருக்காது. நான் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று கொக்கித் தராசு ஒன்று வாங்கி, வாங்கி வந்த சூடைக் கூறை வீட்டில் நிறுத்து எழுதிவைக்க ஆரம்பித்தேன். 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு 850 கிராம். மே மாதம் 620. ஆகஸ்டில் 900. கூறு எல்லா நாளும் நூறு ரூபாய்தான். கிலோவுக்கு மாற்றினால் பிப்ரவரியில் 118, மே மாதம் 161, ஆகஸ்டில் 111 ரூபாய். ஆக, மீன் இளைத்துக்கொண்டே போகிறது என்ற என் நினைப்பே பாதிதான் சரி. ஆகஸ்டில் பெருத்திருக்கிறது, அதை நான் கவனிக்கவே இல்லை. குறைந்த நாள் மனதில் தைக்கிறது, கூடிய நாள் குழம்போடு போய்விடுகிறது.

மே மாதம் ஏன் அப்படி என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப்படகு பிடித்து வருவதுதான் மீன். அதனால்தான் பணவீக்கத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் மே மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிடாமல் போன வருஷ மே மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். தடைக்காலம், பொங்கல், ரம்ஜான் மாதிரி வருஷம் தோறும் வந்து போகிறவை எல்லாம் அப்போது கழிந்துவிடும் என்பது எண்ணம். பெரும்பாலும் கழியும். ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் கீழக்கரையில் கறி விலையை இப்படி ஒப்பிட்டால் கொஞ்சம் இடிக்கும். மீனிலும் ஒருமுறை இடித்தது. 2017-க்கு முன்பு தடைக்காலம் 45 நாள்தான், மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். 2017-ல் 61 நாளானதும், அந்த ஜூன் முதல் பாதியை முந்தைய ஜூனோடு ஒப்பிட்டால், ஒரு பக்கம் கடல் மூடியிருக்கிறது, இன்னொரு பக்கம் திறந்திருக்கிறது.

பொருள் அசைவதற்கு எங்கள் ஊரில் இன்னொரு நல்ல உதாரணம் உண்டு, ரயில். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுகொண்டன. இரண்டு வருஷத்துக்கு மேல், சென்னையிலிருந்து வரும் பாட்டியை விடியற்காலையில் மண்டபத்தில் இறக்கி, மூட்டை முடிச்சோடு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏற்றிப் பாலம் தாண்டிக் கூட்டிவர வேண்டியிருந்தது. ரயில் கட்டணத்தை மட்டும் எழுதுகிறவருக்கு இதில் விலையேற்றம் எதுவும் தெரியாது. ஆட்டோ கட்டணமும் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம், புதிதாக ஒரு ஆட்டோ தேவைப்பட்டது, அவ்வளவுதான். வாழ்க்கைச் செலவு கூடியது, விலை கூடவில்லை. குறியீட்டெண் அளப்பது இரண்டாவதை மட்டும்தான், ஆனால் நாம் அதை முதலாவது என்று நினைத்துப் படித்துவிட்டுக் கோபப்படுகிறோம்.

பல கடைகளின் விலையைச் சேர்த்து ஒன்றாக்கும் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு கடையில் தக்காளி கிலோ 40 ரூபாய். அடுத்த மாதம் ஒரு கடையில் 80, இன்னொன்றில் 20. முதல் கடையில் விலை 2 மடங்கு, இரண்டாவதில் அரை மடங்கு. கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25, அதாவது தக்காளி 25 சதவீதம் ஏறிவிட்டது. அதற்கடுத்த மாதம் இரண்டு கடையும் மறுபடி 40-க்கே வந்துவிடுகின்றன. இப்போது முதல் கடையில் அரை மடங்கு, இரண்டாவதில் 2 மடங்கு, சராசரி மறுபடி 1.25. இரண்டையும் பெருக்கினால் 1.5625. தொடங்கிய இடத்துக்கே விலை திரும்பி வந்தபிறகும் கணக்கு 56 சதவீத ஏற்றம் என்கிறது! கூட்டுவதற்குப் பதில் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2-ஐயும் அரையையும் பெருக்கி 1, வர்க்கமூலமும் 1, சிக்கல் தீர்ந்தது. பெருக்குச் சராசரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கேதான் வேலைக்கு வருகிறது. இந்தியாவின் நுகர்வோர் குறியீட்டெண்ணில் அடிமட்டக் கணக்கை இந்த முறைக்கு மாற்றியது 2015-ல், 2012 வரிசை வந்தபோது.

ஆனால் பெருக்குச் சராசரிக்கு ஒரு எதிரி உண்டு, பூஜ்யம். எதைப் பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023-ல் மத்திய அரசும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தரும் தானியத்தை இலவசமாக்கியது. மலிவு விலை என்றால் கணக்குக்குள் அடங்கும், இலவசம் என்றால் அது விலைக்குறைப்பா, இல்லை அந்தப் பொருள் சந்தையை விட்டே போய்விட்டதா? கையிலிருந்து காசு போகாத அரிசிக்குக் கூடையில் என்ன இடம் கொடுப்பது என்று புள்ளியியல்காரர்கள் நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அக்காவின் வீட்டில் இருபது கிலோ இலவச அரிசியும் உச்சிப்புளிக்குப் போய்வரும் இலவச பஸ்ஸும் அந்த மாதத்தை ஓட்டிவிடுகின்றன, குறியீட்டெண்ணில் அது தெரிகிறதோ இல்லையோ.

அப்புறம் அந்த 0.25. இதில் ஆகப் பெரிய குழப்பம் வேகத்துக்கும் உயரத்துக்கும் உள்ளது, அதை விளக்கக் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பங்கள் தனுஷ்கோடிப் பக்கம் கரையிறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். சண்டைக்குப் பயந்து வந்தவர்களை இந்தக் கரை முன்பு நிறையப் பார்த்திருக்கிறது, இந்த முறை வந்தவர்கள் பால்மாவும் அரிசியும் கேஸும் வாங்க முடியாமல் வந்தவர்கள். அந்த வருஷம் செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் (நாம் குறியீட்டெண் என்பதை அவர்கள் சுட்டெண் என்கிறார்கள், சின்னதாக அழகாகத்தான் இருக்கிறது) முந்தைய வருஷத்தைவிட 69.8 சதவீதம் மேலே நின்றது, உணவு மட்டும் 95-ஐ நெருங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 சதவீதம். நம் நாட்டையே விடக் குறைவு. விலை பழைய நிலைக்கு வந்துவிட்டதா? 2021-ல் 100 ரூபாய் இருந்த பொருள் 2022-ல் 169 ரூபாய் 80 காசு, 2023-ல் 172 ரூபாய். ஏணியில் ஏறியவர் இறங்கவே இல்லை, மேலே போய் நின்றுவிட்டார். பணவீக்கம் சரிந்தது என்ற செய்திக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

நம் 2025 அக்டோபரில் காய்கறிக்கு இதன் மறுபக்கம் நடந்தது. 2024 அக்டோபரில் காய்கறி விலை முந்தைய வருஷத்தைவிட 42.18 சதவீதம் ஏறியிருந்தது, 2025 அக்டோபரில் அதிலிருந்து 27.57 சதவீதம் இறங்கியது. 100 ரூபாய்க் காய் 142 ஆகி, மறுபடி 103-க்கு வந்து நின்றது. அதாவது இரண்டு வருஷத்துக்கு முந்தைய விலைக்கு வந்து சேர்ந்ததைத்தான் பெரிய வீழ்ச்சி என்று படித்தோம். அதோடு செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைப்பும் சேர்ந்துகொண்டது. மொத்த உணவுக் குறியீட்டெண் 5.02 சதவீதம் கீழே போனது. இவ்வளவு பெரிய எடை உள்ள ஒன்று கீழே இறங்கினால் மொத்தமும் இறங்கத்தான் செய்யும்.

இறங்காமல் பிடித்து நிறுத்தியது எது என்று பார்த்தால் தங்கம். 2012 கூடையில் அதன் எடை 1.08 தான், ஆனால் அந்த அக்டோபரில் அது ஒரு வருஷத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது, பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. தங்கம் மட்டும் அரை புள்ளிக்கு மேல் தூக்கிப்பிடித்தது, அதைக் கழித்தால் மொத்தமே பூஜ்யத்துக்குக் கீழே. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பெண்ணுக்குப் பதினைந்து பவுன் என்று பேசி முடித்துவிட்டு முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிற பெரியபட்டினத்து வீட்டுக்கு அந்த மாதம் பணவீக்கம் என்ன என்று கேட்டால், 0.25 என்ற பதிலைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஒரு குறியீட்டெண்ணைப் பற்றி. உண்மையில் நாட்டில் இது ஒன்று மட்டும் ஓடவில்லை, யாருடைய கூலி எதோடு கட்டியிருக்கிறது என்பதில்தான் எனக்கு வருத்தமே.

2014 வரை பத்திரிகைகளில் பணவீக்கம் என்று வந்தது பெரும்பாலும் மொத்த (ஹோல்சேல்) விலைக் குறியீட்டெண். அதில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் கட்டணம் எதுவும் கிடையாது, சேவைகளே கிடையாது, சரக்கு மட்டும்தான். 2014-ல் ரிசர்வ் வங்கியே அமைத்த ஊர்ஜித் படேல் குழு சொன்ன பிறகுதான் அந்த வங்கி நுகர்வோர் குறியீட்டெண்ணுக்கு மாறியது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, பணவீக்கத்துக்கு 4 சதவீதம் இலக்கு, இரண்டு பக்கமும் 2 புள்ளி வரை போகலாம் என்று வைத்தார்கள். படகுக்காரர்களுக்குப் பழைய மொத்த விலைக் கணக்கே கொஞ்சம் நெருக்கம் என்று சொல்லலாம், ஏனென்றால் அதன் 2011-12 வரிசையில் டீசலின் எடை 3.1. நுகர்வோர் கூடையில் டீசலுக்கு அரை சதவீதம்கூட இல்லை, வீட்டில் யார் டீசல் குடிக்கிறார்கள்? படகு குடிக்கிறது. ஆனால் படகு குடிப்பது தொழில் செலவு, குடும்பச் செலவு கிடையாது, அதனால் அது இந்தக் கூடைக்குள் வராது. கணக்குப்படி சரிதான். கடலுக்குப் போய் வந்த பணத்தில் டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்து மிச்சத்தைப் பங்கு பிரிக்கிற வீட்டில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்றுதான் தெரியவில்லை.

அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, ஆலைத் தொழிலாளர் குறியீட்டெண்ணோடு கட்டியது. அது தொழிலாளர் பணியகம் வெளியிடுவது, 2016 அடிப்படை, 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு ஊழியருக்கு அது 58 சதவீதம் ஆனது. அதாவது 2016 தொடக்கத்திலிருந்து அந்தக் கூடையின் விலை அவ்வளவு ஏறியிருந்தது என்று அரசே ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை கணக்கைத் திருத்திக் காசாகக் கொடுக்கிறது. 0.25 என்ற எண்ணை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த 58 கைக்கு வந்துவிடும்.

நூறு நாள் வேலைக் கூலி கட்டியிருந்தது விவசாயத் தொழிலாளர் குறியீட்டெண்ணோடு. அதன் அடிப்படை ஆண்டு 1986-87. கூடையோ இன்னும் பழசு, 1983 கணக்கெடுப்பில் எடுத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சாப்பாடு. அந்தக் காலத்துக் கூலிக்காரர் வீட்டில் செல்போன் ரீசார்ஜ் இல்லை, பிள்ளைக்கு வேன் ஃபீஸ் இல்லை, தண்ணீர் கேன் இல்லை. அந்தக் கூடையை வைத்துத்தான் முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் மண் அள்ளுகிறவரின் கூலி வருஷா வருஷம் ஏறியது. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு 319 ரூபாய், அடுத்த வருஷம் 336. உணவு விலை படுத்துக்கொண்டு மற்றதெல்லாம் ஏறுகிற வருஷத்தில் இந்தக் கூடை அவருக்கு எதிராக வேலை செய்யும். நாற்பது வருஷம் யாரும் அவசரப்படவில்லை. 2025 ஜூன் மாதக் குறியீட்டெண்ணிலிருந்துதான் 2019 அடிப்படைக்கு மாற்றினார்கள், அந்தப் புதுக் கூடையின் எடையும் 2011-12 கணக்கெடுப்புதான்.

மீனவருக்கு? அவருக்கென்று ஒரு குறியீட்டெண் கிடையாது. தடைக்கால நிவாரணம் பல வருஷம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாகவே நின்றது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். 60 சதவீத உயர்வு என்று கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, அகவிலைப்படியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஏறுகிறது, இன்னொன்றுக்கு மாநாடு கூட வேண்டும்.

பெரிய குறியீட்டெண்ணும் 2026 பிப்ரவரியில் புது வரிசைக்கு மாறிவிட்டது, 2024 அடிப்படை, 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கட்டிய கூடை. சாப்பாட்டின் எடை 46-லிருந்து 37 பக்கம் வந்திருக்கிறது. டேப் ரெக்கார்டர், கேசட் எல்லாம் ஒருவழியாக வெளியே போய்விட்டன. இதுவரை கிராமத்துக் கூடையில் வீட்டு வாடகைக்கு எடையே இல்லாமல் இருந்தது, இப்போது கிராம வாடகையும் உள்ளே வருகிறது. கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி லாட்ஜுகள் பெருகப் பெருக, தங்கச்சிமடம் பாம்பன் வரைக்கும் இருந்த வீடுகள் தங்கும் அறைகளாகி, குடியிருப்பவர்களுக்கு வாடகை எகிறுவதைப் பார்க்கிறவன் என்ற முறையில் இது எனக்கு நல்ல மாற்றமாகவே படுகிறது. சாப்பாட்டின் எடை குறைந்ததில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். இனிமேல் தக்காளி துள்ளினாலும் மொத்த எண் முன்புபோல் துள்ளாது, கீழே விழுந்தாலும் முன்புபோல் விழாது. இன்னமும் வருமானத்தில் பாதிக்கு மேல் அடுப்படிக்கே போகிற வீட்டில் இருப்பவருக்கு அந்த எண் முன்பைவிட இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளிப் போயிருக்கிறது.

தராசு விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, என் வீட்டுப் பிள்ளை போட்டுக்கொடுத்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, "என் மீனை நிறுத்து நோட்டுல எழுதுறியாமே" என்றார். கோபம் ஒன்றும் இல்லை. ஆமாம் அக்கா, விலை ஏறுதா இறங்குதான்னு பாக்கத்தான் என்றேன். "சரி, எழுதுறது எழுதுற, இதையும் சேத்து எழுதிக்க" என்று விரல் மடக்க ஆரம்பித்தார். ஏலத்தில் கூடை எடுத்த விலை, ஐஸ், கரையிலிருந்து இங்கே வர ஆட்டோ, சந்தையில் உட்கார தரைக்காசு, விற்காமல் மிஞ்சினால் கருவாடு போட உப்பு. நான் போனில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கூறிலிருந்து இரண்டு சூடையை எடுத்து என் பையில் போட்டார். அன்றைக்கு வீட்டில் நிறுத்தபோது 780 கிராம் காட்டியது. அந்த இரண்டு மீனோடு சேர்த்தா, இல்லாமலா என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.